கொர்னெல் வீட்டுச் சீஸ்

அந்த ஸ்லோவாக்கிய மலைக் கிராமத்தில் ஆடு வளர்க்காதவர்கள் குறைவு. ஆடு வளர்ப்பதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுபவர் ஒருவர்தான். கொர்னெல். பட்டணத்துப் பண்பாட்டு அலுவலகத்தில் இருந்தவரை ஓர் ஆட்டின் முகத்தைக்கூடக் கிட்டத்தில் பார்க்காதவர், ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் பூவேலை செய்த மேல்சட்டையும் அகலத் தொப்பியும் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆதி இடையனின் நேர் வாரிசு போல நடமாடினார். இதையெல்லாம் பக்கத்து வீட்டு வெந்தெலீன் மன்னித்திருப்பான். மன்னிக்க முடியாத விஷயம், அந்த வேஷக்காரர் செய்த சீஸ் உண்மையிலேயே நன்றாக இருந்ததுதான்.

"காய்ச்சின பால் செத்த பால்!" என்பார் கொர்னெல். "நான் செய்யறது உயிருள்ள சீஸ். என் ஆடுங்க காட்டோரப் புதர்ல மூலிகை மேயுது."

"அங்க உண்ணி அப்பிக்கிட்டு வருமே?" என்று யாராவது கேட்டால், "உண்ணிக்குப் பயந்தவன் ஊசி போட்டுக்கிட்டு நகரத்துல கிடக்கட்டும்" என்று சிரிப்பார். வெந்தெலீன் அம்மா செய்தபடி எப்போதும் பாலைக் காய்ச்சித்தான் சீஸ் செய்தான். உண்ணிக் காய்ச்சலுக்கான தடுப்பூசி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. கொர்னெலே போட்டுக்கொள்ளாதபோது தான் போட்டுக்கொண்டால் மதுக்கடையில் என்ன பேசுவார்கள்?

வசந்தச் சந்தையில் கொர்னெலின் சீஸுக்கு முதல் பரிசு கிடைத்தது. அன்று மாலை மதுக்கடையில் வெந்தெலீன் மேஜையைக் குத்தினான். "காய்ச்சாத பால்ல எந்தக் கழுதை செஞ்சாலும் ருசிதான்யா! அந்த ஆளு சீஸு என் நாக்குல பட்டா, நாக்கையே அறுத்துப் போட்டுடுறேன்!" கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சாட்சி.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் மனைவி ஹெர்மீனா, கொர்னெல் வீட்டிலிருந்து ஓர் உருண்டை சீஸ் வாங்கி வந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் சீஸுக்கு, ஏன், தன் முத்தத்துக்குக்கூட அவள் அப்படிக் கண்ணை மூடியதாக வெந்தெலீனுக்கு நினைவில்லை.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போன சமயம் அவன் சீஸ் வைத்திருந்த நிலவறைக்குள் இறங்கினான். அந்த ஆள் இதில் அப்படி என்னதான் போடுகிறான் என்று துப்புத் துலக்க ஒரு துண்டு. துப்பைச் சரிபார்க்க இன்னொரு துண்டு. அதற்குப் பிறகு காரணம் தேட அவன் மெனக்கெடவில்லை.

"எலி தின்னுடுச்சு" என்றான் அவள் திரும்பியதும்.

"எலிக்குக்கூட எது நல்லதுன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள் ஹெர்மீனா.

சில நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தன, தானாகவே போயின. வெந்தெலீன் தெம்பாகப் புல் அறுக்கக் கிளம்பினான். ஆனால் அடுத்த வாரம் தலை பிளந்தது, வாந்தி வந்தது, கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. மாவட்ட மருத்துவமனையில் கண் விழித்தபோது, அதே வார்டில் தன் ஊர்க்காரர்கள் மூன்று பேர் அதே மரக்கழுத்தோடு கிடப்பதைப் பார்த்தான்.

"மூளைக்காய்ச்சல். உண்ணியிலேர்ந்து வர்ற வைரஸ்" என்றார் டாக்டர் ரெஜீனா. "ஆனா உங்க நாலு பேர் உடம்புலயும் உண்ணி கடிச்ச தடமே இல்ல. பால்ல வந்திருக்கும்னு நினைக்கிறேன். உண்ணி ஆட்டைக் கடிக்கும். ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்கு மேயும். பால் மட்டும் விஷமாயிடும். காய்ச்சினா போதும், வைரஸ் செத்துடும். அவங்க மூணு பேரும் கொர்னெல் வீட்டுச் சீஸ் சாப்பிட்டாங்களாம். நீங்க?"

"நானா? அந்த ஆளு சீஸையா? ஊர்ல யாரை வேணா கேளுங்க டாக்டர்!"

"காய்ச்சாத பால்?"

"தொட மாட்டேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நாலு பேர்ல ஒருத்தர் சாப்பிடலைன்னா, அப்ப சீஸ் இல்ல. எல்லாரும் ஒரே காட்டுக்குத்தான போறீங்க. உண்ணிதான் எங்கயோ தெரியாம கடிச்சிருக்கு."

வெந்தெலீன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டான். கொர்னெல் அழிவதைப் பார்க்க எத்தனை ஆண்டு ஏங்கியிருக்கிறான்! ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அந்த வார்த்தை 'தின்றேன்' என்பதாகப் போய்விட்டது. அதைச் சொல்வதற்குக் கழுத்துவலியே மேல் என்று பட்டது.

மாலையில் ஹெர்மீனா வந்தாள். புதுப் பாவாடை கட்டியிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நாளைக்குப் புனித யோவான் நாள், ஊரே கூடி நெருப்பு மூட்டற திருவிழா இல்லையா? கொர்னெல் ஊருக்கே புதுப் பால் ஊத்தறாராம், மரக்குவளையில. 'நீங்கதான் முதல் குவளை குடிச்சு ஆரம்பிச்சு வைக்கணும், பக்கத்து வீட்டம்மா'ன்னு கேட்டாரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"முதல் குவளையா? உனக்கா?"

"ஏன், எனக்கென்ன குறைச்சல்? இன்னிக்கே போய்ப் பாத்திரம் கழுவித் தரணும்."

அந்த மனுஷனின் கை நீட்டும் குவளை, அதை வாங்கும் இவள் கை, அந்த மூடிய கண்கள் எல்லாம் வெந்தெலீனுக்கு முன்னால் வந்து நின்றன. வயிறு எரிந்தது. அதற்குப் பின்னாலேயே, இதே கட்டிலில் இவள் மரக்கழுத்தோடு கிடப்பதும் தெரிந்தது. எரிச்சல் சட்டென்று குளிர்ந்துபோனது.

"டாக்டர்!" என்று வார்டே அதிரக் கத்தினான். ரெஜீனா ஓடி வந்தார். "தின்னேன். அந்த ஆளு சீஸைத் தின்னேன்."

"எவ்வளவு?"

"உருண்டை முழுசும்."

பக்கத்துக் கட்டில் மரக்கழுத்து ஒன்று வலியையும் பொருட்படுத்தாமல் சிரித்தது. "நாக்கு எப்ப அறுக்கற, வெந்தெலீன்?"

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஹெர்மீனா கணவனையே பார்த்தாள். "நீதான் எலியா?"

"நீ அந்தப் பாலைக் குடிக்காத. அவ்வளவுதான்."

அவள் நெருப்புத் திருவிழாவுக்குப் போகவில்லை. இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு துண்டோடு தப்பித்தாள். கொர்னெலின் ஆடுகளில் இரண்டின் பாலில் வைரஸ் இருந்தது. மரக்குவளைகள் காலியாகவே நின்றன. இனிப் பாலைக் காய்ச்சாமல் ஒரு துளி விற்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

கொர்னெல் அழிந்தாரா என்றால், அதுதான் இல்லை. மதுக்கடையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அறிவித்தாராம்: "என் பரம எதிரியே திருட்டுத்தனமா உருண்டையோட முழுங்கியிருக்கான். இதைவிடவா ஒரு பரிசு?"

தடி ஊன்றி வீடு திரும்பிய வெந்தெலீனுக்கு ஒரே ஆறுதல்: இனி அந்த ஆளும் செத்த பாலில்தான் செய்தாக வேண்டும். இரண்டு பேரும் இப்போது சமம். இலையுதிர் காலத்தில் ஹெர்மீனா கொர்னெலின் புதுச் சீஸ் ஒன்றை, காய்ச்சிய பாலில் செய்ததை, மேஜை நடுவில் ஒளிக்காமல் வைத்து அறுத்தாள். வெந்தெலீனும் ஒரு துண்டு எடுத்தான். நெடுநேரம் மென்றான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"உப்புக் கம்மி" என்றான் அவன். அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினான்.