சரிந்த மேசையில் ஒரு பூச்சாடி

கள்ளக்குறிச்சி கடைவீதியில் சட்டை தைக்கும் சாதுல்லாவுக்கு மகள் பௌசியாவை நினைத்தால் தலைகால் புரியாத பெருமை. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்கும் அவள், நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர்கள் பாணியில் ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தாள். நீலச் சாடி, அதில் பிதுங்கி நிற்கும் மஞ்சள் பூக்கள், தொட்டால் மேடுபள்ளமாகத் தட்டுப்படும் பெயிண்ட். அளவு கொடுக்க நிற்பவர்கள் கண்ணில் படும்படி அதைக் கடைச் சுவரில் மாட்டினார்.

சாடி வைத்த மேசைதான் தொந்தரவு. ஒரு பக்கம் சரிந்து, இதோ விழப்போகிறேன் என்றது. போன் போட்டுக் கேட்டதற்கு, அந்த ஓவியர்கள் ஒரே பொருளை நாலு பக்கத்திலிருந்தும் பார்த்து வரைவார்கள், மேசை அப்படித்தான் இருக்கும் என்றாள் பௌசியா. சாதுல்லா விட்டுவிட்டார்.

வந்தவர்கள் விடவில்லை. டேப்பை வைத்ததும் தலையைச் சாய்த்து, மேசையை நேராக்கிப் பார்த்தார்கள். தலையோடு தோளும் சாய்ந்தது. அவரும் சாய்ந்த தோளுக்கே அளவெடுத்தார்.

வெள்ளிமலை வேடியப்பன் அப்படித் தைத்த சட்டையில்தான் தன் நிச்சயதார்த்தத்துக்குப் போனான். மறுநாளே மலையிறங்கி வந்து நின்றான். பெண் வீட்டார் அவனை உட்கார வைத்துக் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டார்களாம்.

“மாப்ளைக்கு சுளுக்கான்னு கேக்கறாங்க பாய். நான் இன்னா சொல்றது?”

சாதுல்லா பிரித்துத் தைத்துக் கொடுத்தார். படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றினார். அளவு கொடுப்பவர்கள் இப்போது அதற்கு முதுகு காட்டி நின்றதால் தோள்கள் நிமிர்ந்தன. ஆனால் நாள் முழுக்க அதைப் பார்த்து நிற்பது அவரல்லவா?

ஒரு மதியம் சோறு போட்ட காசிம் பீவி, கரண்டியும் கையுமாகக் கணவரையே பார்த்தாள். கவளம் வாயை விட்டுக் காதுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“இன்னாங்க, தலைய சாச்சிக்கினு சாப்புட்றீங்க?”

விஷயம் தெரிந்ததும், மகள் வரைந்ததாவது ஒன்றாவது, பரண்மேல் போடுகிறேன் என்று கடைக்கே கிளம்பி வந்துவிட்டாள். ஸ்டூலில் ஏறிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். மஞ்சளுக்குள் பச்சை, பச்சைக்குள் ஊதா. அவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. மெல்ல மெல்ல முக்காடு ஒரு பக்கமாகச் சரிந்தது.

“எம்பொண்ணு நல்லாத்தாங்க வரஞ்சிக்கிது.”

படம் இருக்கட்டும், அளவெடுக்கும்போது மட்டும் துணி போட்டு மூடிக்கொள்ளலாம் என்று முடிவானது. அவளை ஸ்டூலிலிருந்து இறக்கத்தான் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. தரை எந்தப் பக்கம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.