ரப்பர் படகுக்கு ஒட்டுப்போட்டவன்

ஜியாவுல்லா பாய் இருதயராஜுக்குத் தரவேண்டிய பாக்கி பதினேழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். ஆறு வாரச் சம்பளமும், தீபாவளி போனஸில் நின்றுபோன மிச்சமும் சேர்ந்த தொகை. ஆம்பூரில் பாய் நடத்திவந்த சின்ன ஷூ கம்பெனி பொங்கலுக்கு மூடியது, மூடியதுதான். மற்ற ஆட்களுக்கெல்லாம் அங்கே இங்கே புரட்டிக் கொடுத்து முடித்துவிட்டார். பசை ஒட்டும் மேசையில் பதினெட்டு வருஷம் நின்ற இருதயராஜிடம் மட்டும், "நீ நம்ம ஆளு, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். நம்ம ஆளாக இருப்பதில் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது.

பொறுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மகள் ஷர்மிளாவுக்கு நர்சிங் காலேஜில் திங்கட்கிழமைக்குள் பதினைந்தாயிரம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மனைவி செண்பகத்தின் கம்மல் ஏற்கெனவே அடகுக்கடையில் இருந்தது.

பாயிடம் பணம் இல்லை, ஒரு ரப்பர் படகு இருந்தது. அவருக்குப் பாக்கி வைத்திருந்த சென்னை வியாபாரி, பணத்துக்குப் பதிலாக அதைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார். காற்றடித்தால் உப்பும், பின்னால் மாட்ட ஒரு மோட்டார். கடலே இல்லாத ஊரில் அது ஷூ அச்சுக்கட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. மரக்காணம் பக்கம் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிப் பிழைக்கும் கோபி என்பவன், ஓட்டிப் பார்த்துத் திருப்தியானால் நாற்பத்தைந்தாயிரம் தருகிறேன் என்று போனில் சொன்னான்.

"ஞாயித்துக்கெழமை நீயும் வா இருதயம். கரையிலயே உன் பணத்த எண்ணிக் குடுத்துர்றேன்" என்றார் பாய். "சைடுல ஒரு கிழிசல் கீது. உன் கை பட்டாதான் நிக்கும்."

அந்த வார்த்தையில் இருதயராஜுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். மஞ்சள் பசையை இரண்டு கை பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒட்டைப் போட்டுச் சுத்தியால் தட்டினான். ராத்திரி முழுக்கக் காற்று நின்றது. பாய் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஞாயிறு விடியலில் சின்ன லோடு வண்டியில் கிளம்பினார்கள். பாயும் அவர் மனைவி ஜஹீருன்னிசாவும் முன்னால். பின்னால் படகோடு இருதயராஜ். வழியில் கலவை என்ற ஊரில் டீ குடிக்க இறங்கியபோது அந்த அம்மா சொன்னாள்:

"கடலு காட்டுறேன் கடலு காட்டுறேன்னு இருவத்தாறு வருஷம் சொன்ன மனுசன், இன்னிக்கு யாவாரத்துக்காகக் கூட்டிம்போறாரு பாருங்கண்ணே."

"படகத்தானே பாபி விக்கறாரு, கடலையா விக்கறாரு?" என்றான் இருதயராஜ்.

"வாங்க ஆளு இருந்தா அதையும் வித்துருவாரு."

பாய் டீயை ஊதிக்கொண்டே காதில் விழாதவர்போல நின்றார்.

மரக்காணம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. காலால் மிதித்துக் காற்றடித்ததில் இருதயராஜுக்கு முழங்கால் கழன்றுவிடும்போல இருந்தது. கோபி படகைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தான். உயிர்காப்புச் சட்டைகளைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னான். ஜஹீருன்னிசா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் காலை நனைத்தபடி கரையிலேயே நின்றுவிட்டாள்.

கோபி மோட்டாரைப் பிடிக்க, மூவரும் போனார்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் படகு வழுக்கிக்கொண்டு ஓடியது. கரையோரமாகத் தெற்கே வெகுதூரம் போனார்கள். தென்னைகள் விரற்கடை உயரமாகத் தெரிந்தன. தோல் நாற்றம் இல்லாத காற்றை இருதயராஜ் வாய் திறந்து வாங்கினான். பாய் சின்னப்பிள்ளைபோலத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே வந்தார். கோபிக்கும் பிடித்துவிட்டது. "வண்டி ஸ்மூத்தா போவுது பாய்" என்று தலையாட்டினான்.

திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வரும் சத்தம்.

இருதயராஜ் பார்த்தான். ஒட்டின் ஓரம் நாக்குப்போல் எழும்பியிருந்தது. அடியில் அவன் பூசிய மஞ்சள் பசை வெயிலில் இளகி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது. பார்த்த கணமே புரிந்துவிட்டது. மஞ்சள் பசை தோலுக்கு. பிளாஸ்டிக்குக்கு வெள்ளைப் பசைதான் போடவேண்டும், அதுவும் பசையை இறுக்கும் மருந்து கலந்து. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லும் பாடம். ரப்பர் படகு, ரப்பர் படகு என்று வாய் ஓயாமல் சொன்னார்களே ஒழிய, அது பிளாஸ்டிக் துணி. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கை அதுபாட்டுக்கு மஞ்சள் டப்பாவுக்குப் போய்விட்டது.

அவன் குப்புறப் படுத்து இரண்டு உள்ளங்கையாலும் ஒட்டை அழுத்திக்கொண்டான். மேலே நெஞ்சையும் வைத்தான். படகு ஒரு பக்கம் தொய்ந்தது.

"பயப்படாதீங்க, படகுல மத்த காத்தறையெல்லாம் நல்லா கீது, முழுகாது" என்று கோபி வேகத்தைக் குறைத்தான். உப்புத்தண்ணீர் இருதயராஜின் வாயில் அடித்தது. பாய் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

கரையேறியதும் கோபி கறாராகச் சொல்லிவிட்டான். "இத நம்பி ஜனங்கள ஏத்த முடியாது பாய். மோட்டார் நல்லா கீது. மோட்டார மட்டும் எடுத்துக்கறேன், இருவத்திநாலாயிரம்." பேரம் பேசிப் பார்த்தும் அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

பாய் மணலில் உட்கார்ந்து போனை எடுத்தார். "அந்த மெட்ராஸ்காரன இன்னிக்கு உடப்போறதில்ல. ஓட்டப் படகக் குடுத்து ஏமாத்திட்டான் நாதாரி."

இருதயராஜ் அவர் பக்கத்தில் போய் நின்றான். வாயை மூடிக்கொண்டால் பணம் கைக்கு வரும், ஷர்மிளா பரீட்சை எழுதுவாள். பாய் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாய், போன வையி. தப்பு அவன்து இல்ல. நான் மஞ்சளப் போட்டுட்டேன்."

பாய்க்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "மஞ்சளா? பிளாஸ்டிக்குக்கா? நீயா?"

"நான்தான்."

"இருவத்தோராயிரம் போச்சேடா!"

"டேமேஜ் புடிச்சுக்கோ பாய்" என்றான் இருதயராஜ். கம்பெனியில் ஒரு ஜோடி ஷூ கெட்டுப்போனால் ஒட்டியவன் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதற்கு டேமேஜ் என்று பேர். "எவ்ளோ வேணாலும் புடி. நாளைக்குப் பீசு கட்டணும், பதினஞ்சு மட்டும் குடுத்துரு."

"கம்பெனியே இல்ல, அப்புறம் இன்னா டேமேஜ்?" என்றாள் ஜஹீருன்னிசா. "அந்த ஆளு நெஞ்ச வெச்சு அமுக்கிப் படுத்துக்கினு வந்தாரு. குடுங்க முழுசா."

"நீ சும்மா இரு. இது எங்க ரெண்டு பேர் வேல."

பாய் கோபி கொடுத்த பணத்தை வெளியே எடுத்தார். பிறகு விரலை எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள் முப்பது. எடுத்து நீட்டினார். மீதியைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"ரெண்டாயிரத்து நானூத்தம்பது டேமேஜ். மஞ்சளப் போட்டவன சும்மா உட்டா, நாளைக்கு வேற கம்பெனியிலயும் போடுவான்."

இருதயராஜ் ஈரக்கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். இருபத்தோராயிரத்துக்கு இது கொசுக்கடி என்பது அவனுக்குத் தெரியும். பாய்க்கும் தெரியும்.

"எண்ணிக்கோ."

"நீ எண்ணுனா சரிதான் பாய்."

"எண்ணுடா. அப்பால குறையுதுன்னு வருவ."

எண்ணினான். முப்பது இருந்தது.

"சரியா கீதா?"

"கீது பாய்."

"இனிமே உனக்கும் எனக்கும் பாக்கி கீக்கி ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணும் கெடையாது பாய்."