பதினோரு மணித் தூறல்

ஊரடங்கில் பூச்செடி வாங்க எவன் வருவான்? எங்கள் நாற்றுப் பண்ணைக்கு ஈகூட வரவில்லை. அரசாங்கம் நிவாரணம் தருகிறேன் என்றது. நிபந்தனை ஒன்றுதான்: விற்காத செடிகளைக் குழியில் கொட்டிவிட்டு, காலி மேஜைகளை அதிகாரிக்கு வீடியோவில் காட்ட வேண்டும். ஒரு நாற்றுத் தட்டு மிஞ்சினாலும் மனு தள்ளுபடி. மனு போனால் பண்ணைக்குப் பூட்டு.

மச்சினனும் நானும் மூன்று நாளில் நாற்பது மேஜைகளைக் கொட்டினோம். மிஞ்சியது ஒன்று. என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு விதைத்தது. திரும்பி வந்தபோது அவளைப் பையில் கட்டியிருந்தார்கள், முகத்தைக் காட்டவில்லை. அது நடந்து ஐந்து வாரம்.

ஒவ்வொரு தட்டிலும் மூலைக் குழியில் விதை போடமாட்டாள். கட்டைவிரலை அழுத்தி ஈரம் பார்க்க அது. இத்தனை நாள் தண்ணீர் பட்டும் அவள் விரல் பதிந்த பள்ளங்கள் தூர்ந்துபோகவில்லை.

“மாமா, இதையும் கொட்டிடலாமா?” என்றான் மச்சினன், என்னைப் பார்க்காமல்.

“இரு மாப்ள. தண்ணிய நிறுத்துவோம். தானா வாடட்டும்.”

“செடியக் கொல்லக்கூட துப்பில்லன்னு அக்கா சொல்லியிருக்கும்.”

சொல்லியிருப்பாள். அந்த மேஜைக்குமேல் போகும் தண்ணீர்க் குழாயில் அவளே ஒரு டைமர் மாட்டியிருந்தாள். தினமும் பதினோரு மணிக்குத் தூறல். நான் ஒருமுறை அதை நோண்டி வாடிக்கையாளரைக் குளிப்பாட்டியதிலிருந்து, தொடக்கூடாது என்று உத்தரவு. உத்தரவை மீறிப் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொலையை வெயிலிடம் ஒப்படைத்த வீரன் நான்.

நான்கு நாளாகியும் ஓர் இலை வாடவில்லை.

“மாப்ள, நீ தண்ணி ஊத்துறியா?”

“நீங்கன்னுல்ல நெனச்சேன்!”



மறுநாள் அதிகாரி வீடியோவில் வந்தார். மச்சினன் போனைப் பிடித்தபடி நாற்பது காலி மேஜைகளையும் காட்டினான்.

“அந்தக் கடைசி மேஜை?”

“இதோ, கொட்டிடறேன் மேடம்” என்றேன்.

தட்டைத் தூக்கினேன். என் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மணி பதினொன்று. ஸ்ஸ்ஸ் என்று தலைக்குமேல் தூறல் இறங்கியது. மூக்குக் கண்ணாடி நனைந்தது. சட்டைப் பையைத் தடவினேன். பேட்டரி இருந்தது.

“உள்ள யாரு நிக்கிறது?” என்றார் அதிகாரி.

தட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். “என் வீட்டுக்காரி மேடம். இது அவ மேஜை. என்னால கொட்ட முடியாது. மனுவத் தள்ளுபடி பண்ணாலும் பண்ணிக்குங்க.”

“விக்கிறதுக்கா வெச்சிருக்காங்க?”

“இல்ல மேடம். எங்களுக்கு.”

காகிதம் புரளும் சத்தம்.

“வீட்டுக்குன்னா மனுவுல சேராது. இந்த மேஜைய லிஸ்ட்ல அடிச்சிட்டு மத்தத அனுப்பிடறேன்.” பிறகு, “அவங்கள மாஸ்க் போட்டுக்கச் சொல்லுங்க, சார்.”

சொன்னேன்.