ஒரு ஞாயிறு, ஐந்து சட்டை

என் மனைவியை முதன்முறையாகச் சந்திப்பதற்காக நான் சைப்பிரஸ் தீவுக்குப் போனேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருசம்.

இப்படிச் சொன்னால் குழம்புவீர்கள். நானே குழம்பித்தான் போனேன். ஒழுங்காகச் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு தை மாதம் சயந்தினிக்குக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். பதிவைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆவணியில் நான் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிவிட்டேன். எங்களைப் பிடித்து வைத்த கிறிஸ்மஸ் தீவில் ஓர் அதிகாரி, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்யாணமானவரா என்று கேட்டார். அதற்கு முதல்நாள் முகாமில் எங்களுக்குள் ஒரு மகாநாடு நடந்திருந்தது. மனைவி ஊரில் இருக்கிறாள் என்றால், "அவள் அங்கே இருக்கலாமென்றால் நீயும் இருக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மகாநாட்டின் தீர்மானம். அவளுடைய பெயரைக் கொடுத்தால் அது எப்படியோ கொழும்புக்குப் போய், யாராவது வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்ற பயமும் எனக்கு இருந்தது. "இல்லை" என்றேன்.

அந்த இல்லையோடு பன்னிரண்டு வருசம் தற்காலிக விசாக்களில் ஓடிற்று. போன வருசம் நிரந்தரம் கிடைத்தது. டூங்கபியில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கும் வீட்டில் கேக் வெட்டினோம். அடுத்த கிழமையே மனைவியைக் கூப்பிடுவதற்காகப் பரமட்டாவில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "எந்த மனைவி?" என்றார்.

உண்மையை எழுதிக் கொடுக்கலாம், ஏன் மறைத்தீர்கள் என்று விளக்கலாம், ஏற்றுக்கொள்ளவும் கூடும், அதே கடிதத்தை வைத்து உங்கள் விசாவையே மறுபடி தோண்டவும் கூடும், உத்தரவாதம் தரமுடியாது என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். நடந்து போகும்போது பொலிஸ் கார் கடந்தாலே, எதற்கும் இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைக்கிற ஆள் நான்.

மிச்ச ஆலோசனையைச் சிறிதரன் அண்ணை தந்தார். குளிர்களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்பவர், டூங்கபியின் சம்பளமில்லாத குடிவரவு அமைச்சர்.

"டேய் சுஜீ, உண்மையைச் சொல்லி ஆரடா உருப்பட்டது? கடதாசியில நீ சிங்கிள். அவவும் சிங்கிள். பதிவில்லை, ஒண்டுமில்லை. போய்ச் சந்தி. லவ் பண்ணு. படம் எடு. பிறகு ஒரு நல்ல நாள் பாத்துப் பதிவை முடி. புது மனுசி, புது ஃபைல்."

"அண்ணை, அவ என்ர மனுசி."

"அது உனக்குத் தெரியும். இமிக்கிரேசனுக்குத் தெரியாதே!"

"அவவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் லீவு. ஒரு நாளில என்னத்தை லவ் பண்ணுறது?"

"அஞ்சு சேட்டுக் கொண்டு போ. மாத்தி மாத்திப் போட்டு எடு. ஒரு சேட்டுக்கு ஒரு நாள். அஞ்சு நாள் ஊர் சுத்தின மாதிரி இருக்கும்."

நான் ஐந்து சட்டை வாங்கினேன். சயந்தினிக்கும் மூன்று மேற்சட்டைகள் வாங்கினேன்.

அவள் சைப்பிரசுக்குப் போனது 2021இல். அதுவரைக்கும் ஒன்பது வருசம் என் அம்மா வீட்டில் இருந்தாள். ஒருநாள் தொலைபேசியில், "எப்பிடியும் காத்திருக்கத்தானே போறன். சம்பளத்தோட காத்திருக்கிறன்" என்றாள். நிக்கோசியா நகரத்தில் எண்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவரைப் பராமரிக்கும் வேலை. வருகிற சித்திரையோடு அவளுடைய அனுமதி முடிகிறது. அதற்குப் பிறகு திரும்பவும் என் அம்மா வீடுதான், நான் ஏதாவது செய்தாலொழிய.

சனிக்கிழமை போய் இறங்கினேன், திங்கட்கிழமை திரும்பவேண்டும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பழைய நகரத்து மதிலோரம் உள்ள பஸ் நிலையத்தில் நின்றேன். வந்து நின்ற பஸ்ஸிலிருந்து வரிசையாகப் பெண்கள் இறங்கினார்கள், நேபாளம், பிலிப்பைன்ஸ், எங்கள் நாடு. கடைசியாக இறங்கியவள் என்னைப் பார்த்து நின்றாள். கட்டிப்பிடிப்பதா, சும்மா நிற்பதா என்று நான் விமானத்திலேயே நிறைய யோசித்திருந்தேன். யோசித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. கையை நீட்டிவிட்டேன். பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு என் மனைவிக்குக் கைலாகு கொடுத்தேன்.

அவள் அதைப் பிடித்துக் குலுக்கினாள். "என்ன, இன்ரவியூவுக்கோ வந்தனீங்கள்?"

"ஓம், வேலை கிடைக்குமோ?"

"முதல் தலையைக் குனியுங்கோ பாப்பம். போனில முன்பாதியைத்தானே காட்டுவியள்." குனிந்தேன். உச்சி வழுக்கையைப் பார்த்தாள். "ஐயோ, வெளிச்சம்," என்று சிரித்தாள்.

அவளுடைய கை சொரசொரவென்று இருந்தது. தரை கழுவும் மருந்தின் மணம் அதில் ஏறியிருந்தது. தலைமயிரைக் கழுத்தளவில் வெட்டியிருந்தாள். இதெல்லாம் தொலைபேசியில் தெரியாது.

பழைய நகரத்தைச் சுற்றி வெனிஸ்காரர் கட்டிய பெரிய மதில். உள்ளே கல் பதித்த ஒழுங்கைகள், மஞ்சள் கல் வீடுகள், தேவாலயங்கள், எங்கே பார்த்தாலும் பூனைகள். நான் இணையத்தில் படித்து ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சயந்தினி வேறொரு நகரத்தைக் காட்டினாள். காசு கேட்காத கழிப்பறை எது, எந்தத் தேவாலயத்து வாங்கில் இருந்தால் எழுப்பமாட்டார்கள், மழைக்கு எந்தக் கடையின் கூரை, போன தீபாவளிக்கு ஏழு பேர் சேர்ந்து எந்தப் படியில் இருந்து புரியாணி சாப்பிட்டார்கள். நான்கு வருசத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த மதிலுக்குள்தான் இருந்தன.

ஒரு தெரு நடுவழியில் நின்றுவிட்டது. மண்மூட்டைகள், மண் நிரப்பிய பீப்பாய்கள், ஒரு காவலரண், படம் எடுக்காதே என்ற பலகை. தீவு அங்கே இரண்டாகிறது, அந்தப் பக்கம் வேறு ஆட்சி. சூட்டுக் காயங்கள் மாறாத ஒரு சுவரைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் கூட்டமொன்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைப் பாக்கவோ காசு குடுத்து வாறாங்கள்?" என்றேன்.

"சத்தம் போடாதேங்கோ. பாவம், ஆசையாப் பாக்கினம்."

"எங்கட ஒழுங்கை முடக்கில இருந்த காவலரண் இதைவிடத் திறம்."

"அதில கதிரையும் போட்டிருந்தவங்கள்," என்றாள். இருவரும் சிரித்தோம். அன்று முழுவதிலும் நாங்கள் புருசன் பெண்சாதியாக இருந்தது அந்த ஒரு நிமிசம் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்குள் நான் இரண்டு தடவை சட்டை மாற்றிவிட்டேன். முதல்தடவை வேர்த்துவிட்டது என்றேன். இரண்டாம் தடவை கோப்பி சிந்திவிட்டது என்றேன். ஒவ்வொரு சட்டைக்கும் கையை நீட்டி இருவரையும் சேர்த்து ஒரு படம். பிறகு மேற்சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு, பொத்தான் பூட்டாமல், மேலே தன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"இது ஆற்ற அளவு?"

"உம்மடைதான்."

"எந்த வருசத்து அளவு?"

அதற்கும் ஒரு படம் எடுத்தேன். நான்காவது சட்டையை எடுக்கப் போனபோது அவள் என் முதுகுப்பையின் சங்கிலிப் பூட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கோ. என்ன நடக்குது?"

சொன்னேன். விசாவுக்குப் படம் தேவை, ஐந்து நாள் சேர்ந்து திரிந்த மாதிரி இருந்தால் நல்லது என்று, பாதியை மட்டும்.

அவள் என் தொலைபேசியை வாங்கி ஒரு படத்தின்மேல் விரலால் மேலே தள்ளினாள். கீழே நாளும் நேரமும் வந்து நின்றன. அடுத்த படம். அதே நாள். பத்து நாற்பது, பத்து ஐம்பத்தைந்து.

"உங்கட சேட்டுத்தான் மாறுது," என்றாள்.

அமைச்சரும் நானும் நான்கு மாதம் தீட்டிய திட்டம் நான்கு வினாடியில் முடிந்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏன் அஞ்சு நாள்? பதின்மூண்டு வருசம் இருக்கே காட்ட. கோயில் படம் இருக்கு. நான் உங்கட வீட்டில இருந்த படங்கள் இருக்கு. அதுகளைக் குடுக்கலாமே."

மதில்மேல் ஒரு வாங்கு இருந்தது. அதில் இருந்து மிச்சப் பாதியைச் சொன்னேன். கிறிஸ்மஸ் தீவு, மகாநாடு, நான் சொன்ன இல்லை. பயத்தைச் சொன்னேன். அவளைக் காப்பாற்றத்தான் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது கடையில் வாங்கிய சாட்டுப்போல எனக்கே கேட்டது, உண்மையாக இருந்தும்.

கீழே அகழிப் பூங்காவில் பெண்கள் துணி விரித்துச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். யாரோ சின்ன ஸ்பீக்கரில் நேபாளிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். சயந்தினி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்கட அம்மான்ர குசினிக்கை ஒன்பது வருசம் நிண்டனான்," என்றாள். "கேட்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னனான், அவர் அவுஸ்திரேலியாவில, விசா வந்தோடன கூப்பிடுவார் எண்டு. இஞ்ச மேடத்துக்கும் சொன்னனான். அதுக்காகக் கிரேக்கத்தில புருசனுக்கு என்ன சொல் எண்டு முதல் கிழமையே படிச்சனான். அங்க நீங்கள் நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டு இருந்திருக்கிறியள்."

"கடதாசியில மட்டுந்தான், சயந்தி."

"நான் வேற எங்கப்பா உங்களோட இருந்தனான்?"

நான் எதற்கும் பகிடி விடுகிற ஆள். களஞ்சியத்தில் என் கை முறிந்த அன்றைக்கும் பகிடி விட்டேன். அன்று முதுகுப்பையின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தப் பையைப் பார்த்து, "எத்தினை சேட்டு மிச்சம்?" என்றாள்.

"ரெண்டு."

"மாத்திக்கொண்டு வாங்கோ. இவ்வளவு தூரம் கொண்டந்திட்டியள்."

வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. நான் கழிப்பறையில் நின்று, எதற்கும் உதவாத ஒரு மஞ்சள் சட்டைக்குப் பொத்தான் பூட்டினேன். வந்ததும் அவள் தன் தலையை விரலால் வாரிக்கொண்டு, வெளியூர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து எடுக்கச் சொன்னாள். அந்த மனிதர் சைகையால் கிட்டப் போ, கிட்டப் போ என்றார். நாங்கள் கிட்டப் போனோம். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"புதுசாச் சந்திச்ச ஆக்கள் மாதிரித்தான் இருக்கிறம். உங்களுக்கு நடிக்கத் தேவையில்லை."

பிறகும் நாங்கள் ஊர் பார்த்தோம். வேறென்ன செய்வது? கிளி விற்கிறவர், பழைய குளியல்வீடு, மதிலின் பெரிய வாசல். ஒரு கடையில் பொரித்த பாலாடைக்கட்டி வாங்கித் தந்தாள். நல்லாயிருக்கோ என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன். தொலைபேசியில் பதின்மூன்று வருசம் சாப்பிட்டாச்சோ, சாப்பிட்டாச்சு என்று கதைத்தவர்கள் நேரில் சாப்பிட்டுக்கொண்டும் அதையேதான் கதைத்தோம்.

ஏழு மணிக்குள் அவள் வேலை வீட்டில் நிற்கவேண்டும். ஆறு மணிக்குப் பஸ் நிலையத்துக்கு வந்தோம். வெயில் மதிலின் உச்சிக்கு ஏறிவிட்டது. பெண்கள் வெறும் பெட்டிகளோடு வரிசையில் நின்றார்கள்.

"ஒரு வரி எழுதிக் குடுங்கோ," என்றாள் சயந்தினி. "நான் பொய் சொன்னனான், எனக்கு அப்பவும் மனுசி இருந்தவ, இதுதான் பேர் எண்டு. அதை எழுதினா நான் வாறன். எவ்வளவு நாள் எண்டாலும் காத்திருக்கிறன், அது எனக்குப் பழக்கம். ஆனா புது ஆளா வரமாட்டன்."

"அவங்கள் என்ர விசாவைப் பறிச்சா?"

"பறிச்சா ஊருக்குப் போவம். நானும் வாறன். ரெண்டு பேரும் சேர்ந்து பயப்பிடுவம்."

இதைவிட நல்ல ஒரு வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஓம் என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியவை வேறு. டூங்கபியில் என் அறையின் சாவி. மெடிகெயார் மருத்துவ அட்டை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையிலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிடும் ஒரு விரல். பன்னிரண்டு வருசம் ஒவ்வொரு கடித உறையையும் அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் பிரித்தது.

"பாப்பம்," என்றேன்.

எங்கள் ஊரில் ஒருவரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. இப்படித்தான் சொல்வோம். அவளும் அதே ஊர்.

"பாருங்கோ," என்றாள். கோபமில்லை. என் மஞ்சள் சட்டையின் கொலரில் தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்துக் கையில் தந்தாள். "கவனமாப் போங்கோ. வடிவாச் சாப்பிடுங்கோ."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் இருந்தாள். இருந்ததும் அவளுடைய தொலைபேசி அடித்தது. எடுத்து ஏதோ கதைத்தாள். திறந்திருந்த ஜன்னலால் குரல் கேட்டது, கிரேக்கம். உரத்த, வேகமான, கொஞ்சம் அதட்டலான குரல். மேடத்திடம் மருந்து குடித்தாயிற்றா, கதவு பூட்டியாயிற்றா என்று கேட்பாளாக்கும். பிறகு மறுபக்கம் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பஸ் புறப்பட்டது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கதைத்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொண்டே நின்றேன். பின்னால் வந்த வேறொரு பஸ் என்னருகில் நின்று, கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், எங்கே போகவேண்டும் என்றுதான் இருக்கும்.

நான் கையை இறக்கிவிட்டு, இல்லை என்று தலையாட்டினேன்.