வயதை மறந்த எலுமிச்சை

அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்தினார், ஆனால் போனை வைக்கவில்லை. கோபம் வந்தால் அவர் அக்காவை நடுவில் நிறுத்திக்கொண்டுதான் பேசுவார், ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் சரி.

"உன் தம்பிகிட்ட சொல்லு. திங்கக்கிழமை ரம்பக்காரர் வர்றாரு. எல்லா மரத்தையும் அடியோட எடுக்கப் போறேன்."

"டேய், எல்லா மரத்தையும் எடுக்கப் போறாராம்," என்றாள் அக்கா.

"எனக்குக் கேட்டுச்சுக்கா."

"அவனுக்குக் கேட்டுச்சாம்."

"கேக்கட்டும். என் முழங்கால்ல போன முள்ள டாக்டர் கீறித்தான் எடுத்தாரு, அதையும் சொல்லு. முள்ளே இருக்காதுன்னு உன் தம்பி சத்தியம் பண்ணின மரத்து முள்ளு."

சத்தியமெல்லாம் பண்ணவில்லை. 'அனேகமாக' என்றுதான் சொன்னேன். ஆனால் குடும்பத்துக்குள் 'அனேகமாக' என்ற சொல்லை யாரும் காதில் வாங்குவதில்லை.

நான் பழ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவன். வீட்டில் எனக்கு 'அணுகுண்டு' என்று பெயர். வெடிப்பதற்காக வைத்த பெயரில்லை. மனைவி முன்னால் நான் புஸ்வாணம்கூட இல்லை. விதைகளைக் கதிர்வீச்சுப் பெட்டிக்குள் வைத்து எடுத்து, முளைப்பதை நட்டு வளர்ப்பது என் தொழில். அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. உள்ளபடி சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு வீட்டு வயரில் ஒன்றை அறுத்துவிட்டு, எந்த விளக்கு அணைந்தது என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்ப்பதுதான். பெரும்பாலும் வீடே இருண்டுபோகும். விதை முளைக்காது. முளைத்தாலும் வளராது. வளர்ந்தவற்றில் ஒன்று நிமிர்ந்து நிற்பதா படுத்துக்கொள்வதா என்று கடைசிவரை முடிவு செய்யவே இல்லை.

ஒரே ஒரு கன்று மட்டும் என் மானத்தைக் காப்பாற்றியது. வளர்ந்து மரமாகிக் காய்த்தபோது, அதன் எலுமிச்சையில் விதை இல்லை. சாறு நிறைய. கிளைகளில் முள்ளும் அத்தனை இல்லை. அதைத் தாய்மரமாக வைத்து, மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டிக் கன்றுகள் உண்டாக்கினோம். முதல் தொகுதி நிலையத்திலேயே நின்று ஒழுங்காகக் காய்த்தது. இரண்டாம் தொகுதி முழுவதும் அத்தான் தோட்டத்துக்குப் போனது. என் பேச்சைக் கேட்டு, காய்த்துக்கொண்டிருந்த ஆரஞ்சு மரங்களைப் பிடுங்கிவிட்டு நட்டார்.

முதல் வருடமே அக்கா போனில் சொன்னாள், "முள்ளு வருதேடா." நான், "போகப் போகச் சரியாயிடும்க்கா," என்றேன். காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் ஒழுகும் குழாய்க்கும் நான் சொல்கிற அதே பதில். மூன்று வருடத்தில் அது சரியாகவில்லை, விரல் நீளத்துக்கு வளர்ந்தது. காயும் வரவில்லை.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. முள்ளைப் பற்றிக்கூடக் கவலையில்லை. கதிர்வீச்சில் உண்டான மரங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மரத்துக்குள் வயர் அறுந்த திசுவும் அறுபடாத திசுவும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தும். நாம் மொட்டு எடுத்த இடம் அறுபடாத பக்கமாக இருந்தால் கதை முடிந்தது. அது பழைய மரமேதான். முள் திரும்பியிருக்கிறது என்றால் விதையும் திரும்பும். அப்படியானால் அத்தான் வெட்டுவதுதான் நியாயம். தோட்டத்தில் காய்க்காமல் போன வருடங்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? ரகம் போனால் இன்னொரு ரகம் தேடலாம். அக்கா வீட்டுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

மறுநாள் காலையே போனேன். அத்தான் கண்ணில் படாமல் வேலிப் பக்கமாக நுழைந்தேன். ஐம்பது வயதில் அக்கா வீட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். மரங்கள் நெட்டுக்குத்தலாக, ஆளுக்கு ஒன்றரை மடங்கு உயரம். பக்கத்தில் போனால் சட்டையைப் பிடித்து இழுத்துக் கணக்குக் கேட்டன. அங்கொன்று இங்கொன்றாகச் சில மரங்களில் எட்டிய உயரத்தில் இலைகளைப் பறித்து, மரத்துக்கு ஒரு உறை என்று இடம் குறித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"திருடன் வந்திருக்கான்னு நாய்கூட குரைக்கல. உன்னை மனுசனாவே மதிக்கல போலிருக்கு," என்றாள் அக்கா.

"அத்தான் எங்க?"

"கால நீட்டி உக்காந்து உன்னைத் திட்டிட்டிருக்காரு. காபி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம்க்கா."

"பயமா?"

"பயம்தான்."

அவள் சிரிக்கவில்லை. "டேய், நிஜமாவே எல்லாம் போச்சாடா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்றுதான் முதல்முறையாக அவளிடம் 'சரியாயிடும்' என்று சொல்லாமல் வந்தேன்.

எங்கள் நிலையத்தில் மரபணுச் சோதனைக்கூடத்தை நடத்துகிறவர் ஒரு மேடம். மரபணுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகளைப் பற்றி எப்போதும் பேசுவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மெத்தில் மேடம். அது அவருக்குத் தெரியும். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. உறைகளை மேஜைமேல் கொட்டினேன்.

"சார், இன்னிக்கு வெள்ளி. நாளைக்கு லீவு."

"மேடம், திங்கக்கிழமை ரம்பம்."

"யாருக்கு?"

"மரத்துக்கு. அப்புறம் எனக்கு."

அவர் இலைகளைப் பார்த்தார். நான் கைபேசியில் எடுத்த முள்ளின் படத்தைப் பார்த்தார். "இந்தக் கன்னுக்கெல்லாம் மொட்டு எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"தாய்மரத்துலேர்ந்துதான்."

"தாய்மரத்துல எங்கேர்ந்து?"

அப்போதுதான் எனக்கு அந்த முடிவெட்டு நினைவுக்கு வந்தது.

ஒரு பெரிய அதிகாரி தாய்மரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் இயக்குநருக்கு மரம் பரட்டைத்தலையாக இருப்பது பிடிக்கவில்லை. படத்தில் அழகாக விழ வேண்டுமாம். கல்யாண மாப்பிள்ளைக்கு வெட்டுவதுபோல் சுற்றிலும் கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். அதிகாரி வரவில்லை. மரத்துக்கு அது தெரியுமா? வெட்டுப்பட்ட அதிர்ச்சியில் அடித்தண்டிலிருந்து தளதளவென்று நெட்டைக் குருத்துகள் கிளம்பின. இரண்டாம் தொகுதிக்கு மேலே மொட்டு எடுக்கக் கிளையே இல்லாததால், பண்ணையில் எல்லோரும் ஒருமனதாக அந்தக் குருத்துகளிலிருந்தே எடுத்தோம். பருத்த, அழகான மொட்டுகள். ஒன்றுகூட வீணாகாமல் ஒட்டியதற்காக எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம்.

கேட்டு முடித்ததும் மெத்தில் மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "விதையிலேர்ந்து வந்த மரம் சார் அது. உச்சிக்குத்தான் வயசாகும். அடித்தண்டு இன்னும் சின்னப்புள்ளதான். சின்னப்புள்ளகிட்ட மொட்டு எடுத்தா முள்ளு வராம என்ன வரும்?"

"அப்போ வயர்… வந்து, மரபணு மாற்றம் அப்படியே இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். நீங்க போயி வேற யாரையாவது தொந்தரவு பண்ணுங்க."

ஞாயிறு மாலை கூப்பிட்டார். நான் வீட்டில் நான்கு சுவர்களுக்குள் எத்தனை கிலோமீட்டர் நடந்திருப்பேன் என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

"இருக்கு சார். கதிர்வீச்சுல அறுந்த அந்தத் துண்டு அப்படியே அறுந்துதான் இருக்கு. மேல இருக்கிற மெத்தில் குறி மட்டும்தான் வேற. அசல் நாத்துச்செடி மாதிரி இருக்கு. உங்க மரத்துக்கு வயசு மறந்துபோச்சு, அவ்வளவுதான்."

நான் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். நல்லவேளை, இருந்தது.

"ஒரு மரம் தவிர," என்றார். "அந்த ஒரு உறையில மட்டும் துண்டு அறுபடல. அது பழைய மரம்தான். மீதி மரங்களையும் ஒவ்வொண்ணா பாத்துடணும்."

"மத்ததுல முள்ளு எப்போ போகும்?"

"வளர வளர மேல குறி மாறணும். உச்சிக்கொம்பு பாத்தீங்களா?"

"எட்டல."

"ஏணின்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க சார்."

திங்கள் காலை போனபோது ரம்பக்காரர் ஏற்கெனவே வந்து, பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். அத்தான் முழங்கால் கட்டோடு நின்றார். என்னைப் பார்த்ததும் ரம்பத்தைப் பார்த்தார்.

"உன் தம்பி எதுக்கு வந்திருக்கான்னு கேளு."

அக்கா கேட்பதற்கு முன் நானே ஆரம்பித்தேன். மெத்தில், மரபணு என்று இரண்டு வாக்கியம் போனதும் ரம்பக்காரர் கொட்டாவி விட்டார். நிறுத்திவிட்டு வேறு வழியில் வந்தேன்.

"அத்தான், உங்க வீட்டுல கீஸர் சுவிட்சு மேல அக்கா டேப் ஒட்டி வச்சிருக்கா இல்ல?"

"என் டேப்பை ஏண்டா இழுக்கிற? இவரு போட்டுட்டு மறந்துடறாரு," என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா. டேப் ஒட்டினா சுவிட்சு போயிடுச்சுன்னு அர்த்தமா? இல்ல. டேப்ப எடுத்தா வேலை செய்யும். நான் கதிர்வீச்சுல பண்ணினது வயர அறுத்தது. அது அறுந்தபடியேதான் இருக்கு, சோதனை பண்ணிப் பாத்தாச்சு. விதை வராது. இந்த முள்ளு வெறும் டேப் சமாச்சாரம். சின்ன வயசு டேப்பு. மரத்துக்கு வயசானா தானா உரிஞ்சுடும்."

அத்தான் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "எப்போ உரியும்? எனக்கு வயசானப்புறமா?"

"உச்சியில இப்பவே உரிஞ்சிருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

மூன்று வருடம் போதுமா என்று மேடத்துக்கும் தெரியாது.

"அப்போ நீயே ஏறு," என்றார். "சட்டைக் கைய மடிச்சிட்டு ஏறு. உன் அறிவியல் மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கைன்னா வெறுங்கைய உள்ள விடு."

ஏணியைக் கொண்டுவந்து முதல் மரத்தில் சாய்த்தார்கள். ரம்பக்காரர் காபியைக் கீழே வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாகக் கூடையை நகர்த்திப் போட்டார். நான் ஏறினேன். இரண்டாம் படியில் முள் கையைக் கோடு கிழித்தது. நான் 'ஐயோ' என்றதும் கீழே அத்தான் "ஹும்" என்றார். நடு உயரத்தில் முள் இருந்தது, ஆனால் குட்டையாக, நகத்தால் அழுத்தினால் வளைகிற பதத்தில். இன்னும் இரண்டு படி. கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கைவரை கையை உச்சிக்கொம்புகளுக்கு நடுவே விட்டேன்.

இலை. இன்னும் இலை. மழமழவென்று கொம்பு. கையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். இன்னொரு கொம்பு. அதிலும் ஒன்றுமில்லை.

"என்னடா, குத்துதா?" என்றாள் அக்கா.

ஏணியின்மேல் நின்று அழுதால் கௌரவமாக இருக்காது என்பதால் இருமினேன். "இல்லக்கா. ஒரு முள்ளுகூட இல்ல."

"இறங்கு," என்றார் அத்தான்.

இறங்கினேன். அவர் முழங்கால் கட்டோடு ஏறினார். அக்கா கத்தினாள், "உங்களுக்குப் பைத்தியமா, காலு!" அவர் காதில் விழவில்லை. மேலே போய், என்னைப்போல் கண்ணெல்லாம் மூடாமல், ஒவ்வொரு கொம்பாகப் பிடித்துத் தடவினார். கீழே இருந்து அவர் முகம் தெரியவில்லை.

"பக்கத்து மரத்துல வை," என்றார்.

வைத்தேன். ஏறினார். "இங்கயும் இல்ல." அடுத்த மரம். "இங்கயும் இல்லடீ!" இப்போது அக்காவிடம் பேசினார், ஆனால் எனக்காக இல்லை, அவளுக்காகவே. வரிசை முழுவதும் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு மரத்தில் உச்சியிலும் குட்டி முள் இருந்தது. அதற்கும், "இது கொஞ்சம் மந்தம், மெதுவா வரும்," என்று அவரே சமாதானம் சொன்னார். நான்கு நாளாக என்னை வெட்டிப்போடத் துடித்த மனிதர்.

"அப்போ நான் எதைத்தான் வெட்டறது?" என்றார் ரம்பக்காரர்.

அதற்குமேல் மறைக்க முடியாது. சொன்னேன். மூலையில் மோட்டார் அறைக்குப் பக்கத்து மரம் மட்டும் பழைய மரமாகிவிட்டது, இன்னும் சோதிக்காதவற்றிலும் இரண்டொன்று இருக்கலாம், காய்க்க எப்படியும் இன்னொரு வருடமாவது ஆகும் என்றெல்லாம். ரம்பக்காரர் எழுந்து ரம்பத்தைத் தூக்கினார். அத்தான் நொண்டிக்கொண்டே அவருக்கு முன்னால் போய் அந்த மரத்தடியில் நின்றார்.

"ஏணிய இங்க கொண்டா மாப்ள."

"அத்தான், அதுல ஏறிப் பாக்க ஒண்ணுமில்ல. வயசானா முள்ளு அதுலயும் போயிடும். ஆனா விதை வரும்."

"எவ்வளவு விதை?"

"சாதாரண எலுமிச்சம்பழத்துல இருக்கிற அளவு."

அவர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள், "வீட்டுக்கு ஒரு மரம் வேணும்ல," என்றாள்.

"விதைதானே," என்றார் அத்தான். "துப்பிட்டுப் போறோம்."

அதிலிருந்து யாரும் மொட்டு எடுக்கக்கூடாது என்று நான் அடித்தண்டில் சிவப்புப் பட்டை கட்டினேன். கட்டும்போது மரம் என் கையைக் குத்தியது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ரம்பக்காரரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அக்கா அவருக்கு இன்னொரு காபி ஊற்றினாள்.