வகுப்பே திக்கிய பாடம்

ராஜவேல் என்பது அவன் பெயர். எனினும், அப்பெயரை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டவர் மிகச் சிலரே. பெயர் கேட்பவரிடம் சட்டைப் பையிலுள்ள கல்லூரி அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவது அவன் வழக்கம். இறங்குமிடத்தை நடத்துநரிடம் சொல்ல நேருமே என்பதற்காக நகரப் பேருந்தில் ஏறமாட்டான். வெயிலானாலும் மழையானாலும் மிதிவண்டிதான். தேநீர்க் கடைக்குச் சென்றால், தனக்கு முன்னால் நிற்பவர் எதைக் கேட்கிறாரோ அதையே விரலை உயர்த்தித் தானும் வாங்கிக்கொள்வான். காப்பியின்மீது அவனுக்கு விருப்பம் உண்டு. ஆயினும், பல ஆண்டுகளாகத் தேநீரே குடித்து வந்தான்.

அவனுக்குப் பிறவியிலிருந்தே வாய் திக்கும்.

இத்தகையவன் கணித ஆசிரியனாக விரும்பியது அறிந்தவர் அனைவருக்கும் வியப்பாகவே இருந்தது. அவனைப் பொறுத்தவரை அதில் வியப்பேதும் இல்லை. பள்ளியில் மற்றப் பாடங்களுக்கெல்லாம் எழுந்து நின்று வாயால் விடை சொல்ல வேண்டியிருந்தது. கணக்குப் பாடத்தில் மட்டும், கரும்பலகைக்குச் சென்று எழுதினால் போதுமானதாயிற்று. அவன் எழுதிய விடையைப் பாதியில் நிறுத்தி எவரும் சிரித்ததில்லை. உலகில் தன்னை முழுமையாகப் பேசவிட்ட ஒரே பொருள் கணக்கு என்று அவன் நம்பினான். அதை நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்னும் ஆசை, பட்டப் படிப்பு முடிவதற்குள் அவன் மனத்தில் வேரூன்றிவிட்டது.

அவன் நாக்குத் தடையின்றி ஓடும் இடங்களும் இரண்டு இருந்தன. முத்தியால்பேட்டையில் அவன் தந்தை கிருஷ்ணசாமி நடத்தி வந்த இரும்புப் பட்டறை ஒன்று. கதவுக்கும் சன்னலுக்கும் கம்பி வேலை செய்யும் அப்பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓடுகையில், தன் குரல் தன் காதுக்கே கேளாத அவ்விரைச்சலில், அவன் சரளமாகப் பேசுவான். காரணம் ஒருவருக்கும் தெரியாது. மகன் எதையோ சொல்ல வந்து வாசலில் நிற்பதைக் கண்டால், அறுக்க இரும்பு இல்லாவிட்டாலும் கிருஷ்ணசாமி சுவிட்சைத் தட்டிவிடுவார். மகன் கத்திச் சொல்வான். தந்தை அவன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். மற்றோர் இடம், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும் இடம். மார்கழிப் பசனையிலோ, சிறுவயதில் வாய்ப்பாடு ஒப்பித்தபோதோ அவன் திக்கியதே இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில் பி.எட். சேர்ந்தான். கற்பித்தல் பயிற்சிக்காகக் கருவடிக்குப்பத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு அவனுக்கு ஒதுக்கப்பட்டது. முதல் வாரம் முழுவதும் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினான். அப்பள்ளியின் கணித ஆசிரியர் இராமதாஸ் அவனைத் தனியே அழைத்தார்.

“உன் முதுகப் பாத்து பசங்க இன்னாப்பா கத்துக்கும்? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு.”

திரும்பினான். சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் சிரித்தனர். மறுநாளும் சிரித்தனர். பின்னர்ச் சிரிப்பு தானாகவே அடங்கிற்று. இந்த ஆசிரியர் பிரம்பெடுப்பதில்லை, அதட்டுவதில்லை, தவறாக எழுதிய விடையின்மீது சிவப்புக் கோடு போடாமல் பக்கத்தில் அமர்ந்து சரியானதை எழுதிக் காட்டுகிறார். பிள்ளைகளுக்கு அவன்மீது பெரும்பற்று உண்டாயிற்று. குறிப்பாக வேம்பு என்னும் மாணவி, மணியடித்ததும் சுண்ணக்கட்டியும் துடைப்பானும் எடுத்து வைத்து, வகுப்பை அடக்கி உட்கார வைத்து, அவன் வரவுக்காகக் காத்திருப்பாள்.

ஆண்டிறுதியில் செய்முறைத் தேர்வு வந்தது. வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, பாடம் நடத்துவதை நேரில் காண்பார். அதில் தேறினால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். ராஜவேலுக்கு உணவு இறங்கவில்லை. உடன் பயிலும் ஆந்தனி அதைக் கண்டுகொண்டான். ஆந்தனியின் தந்தை பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர். அவனுக்கு எதுவும் விளையாட்டே; நண்பர்களைக்கூடப் பிரெஞ்சில் ‘ஐயா’ என்றே கேலியாக அழைப்பான்.

“இன்னா மொஸ்யே, மூஞ்சி தொங்கிப் போச்சு?”

“ஒ... ஒரு பீரியட் முழுக்க எ... எப்பட்றா பேசுவேன்?”

“நீ ஏன்டா பேசணும்? பசங்கள பேச உடு. நீ படத்தப் போடு, அதுங்க கத்தட்டும். பின்னாடி குந்திகினு இருக்கிற எக்ஸாமினர் அம்மாவுக்கு சத்தம் கேட்டா போதும். யாரு சத்தம்னா இன்னா?”

ஆந்தனி கேலியாகச் சொன்னதை ராஜவேல் கேலியாகக் கொள்ளவில்லை. வாய்ப்பாடு சொல்வதுபோலப் பாடம் முழுவதையும் வகுப்போடு சேர்ந்தே சொல்லிவிட்டால், தன் நாக்குத் தடைப்படாதே! முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது பாகை என்பதே தேர்வுக்குரிய பாடம். உச்சியின் வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைய வேண்டும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். நேர்கோட்டின்மேல் மூன்று கோணங்களும் சேர்ந்து அமைவதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியையும் எழுதிக் கொடுத்தான். பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். நாள்தோறும் அவனோடு ஒரே குரலில் ஒப்பித்தனர். அடுத்த வகுப்பிலிருந்து அஞ்சலாட்சி டீச்சர் வந்து எட்டிப் பார்த்து, “கோயில்ல கூட இப்படி ஒத்துமையா பாடமாட்டாங்க போலிருக்கே!” என்று சொல்லிச் சென்றார்.

அத்தனை நாள்களில் ஒருமுறையேனும் அவன், “ஏன் சமம்?” என்று கேட்கவில்லை. கேட்டால் விளக்க வேண்டும். விளக்கினால் தனியே பேச வேண்டும். பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டான்.

தேர்வு நாளும் வந்தது. தேர்வாளர் அமிர்தவல்லி அம்மையார் கண்டிப்பானவர். ஆனால் கடுமையானவர் அல்லர். வணக்கம் ஏற்றுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்தார். ராஜவேல் முக்கோணத்தை வரைந்தான். கோலால் முதற்கோட்டைச் சுட்டினான். வகுப்பு குரலெடுத்தது, அவன் குரலும் அதனோடு கலந்து சென்றது. ஒரு சொல்லும் தடைப்படவில்லை. பிள்ளைகளை நேருக்கு நேராகப் பார்த்தபடி பாடம் நடத்திக்கொண்டிருப்பது தானேதானா என்று அவனுக்கே ஐயம் எழுந்தது. அந்தச் சிறிது நேரம் அவன் ஆசிரியனாகவே இருந்தான்.

அம்மையார் கையை உயர்த்தினார்.

“பசங்களா, கொஞ்சம் சும்மா இருங்க. சார் மட்டும் சொல்லட்டும்.”

வகுப்பு அடங்கியது. ராஜவேல் கோலை இணைகோட்டின்மேல் வைத்தான்.

“ஒன்றுவிட்ட கோணங்கள் ச... ச... ச...”

கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. அப்பொழுது நடு வரிசையிலிருந்து வேம்புவின் குரல் எழுந்தது.

“ச... ச... சமம்.”

அடுத்த பெஞ்சிலிருந்தும், “ச... ச... சமம்” என்றார்கள். அதற்கடுத்து மற்றொரு பெஞ்சு. சற்றுநேரத்தில் வகுப்பு முழுவதுமே திக்கிற்று. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாரும் புருவத்தைச் சுளித்து, வாயைக் கோணி, மிகுந்த பொறுப்போடு திக்கினார்கள்.

“சீ! நிறுத்துங்க!” அம்மையார் எழுந்துவிட்டார். “சாரைக் கேலி பண்றீங்களா?”

வேம்பு எழுந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

“கேலி இல்ல மேடம். எ... எங்களுக்கும் வாய் திக்கும். இந்த வகுப்புல எ... எல்லாருக்குமே திக்கும்.”

பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த ஏற்பாடு அது. எல்லாரும் திக்கினால், சார் திக்குவது தனியாகத் தெரியாதல்லவா? அம்மையார் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார். பிறகு தாமே முன்னே வந்து, பலகையில் வேறொரு முக்கோணம் வரைந்து, இரண்டு கோணங்களின் அளவை எழுதினார்.

“இது அறுபது. இது எழுபது. மூணாவது கோணம் எவ்ளோ?”

பிள்ளைகள் வேம்புவைப் பார்த்தனர். சாரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு வேம்புவுக்கு இருந்தது.

“முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது பாகை, மேடம்.”

“சரி. அப்போ மூணாவது எவ்ளோ?”

“நூற்றெண்பது, மேடம்.”

வகுப்பு முழுவதும் அதை ஆமோதித்துத் தலையசைத்தது. ராஜவேல் கையிலிருந்த கோலை மேசைமேல் வைத்துவிட்டான்.

தாழ்வாரத்தில் அம்மையார் அவனிடம் தணிந்த குரலில் பேசினார். “பாஸ் போட்டுட்டேன்ப்பா. பாடக்குறிப்பு சுத்தமா இருக்கு. போர்டு வேலையும் நல்லா இருக்கு. பசங்க உன்மேல உசுரா இருக்குதுங்க. ஆனா அதுங்களுக்குப் பாடம் ஒண்ணும் தெரியலையே.”

அவன் தலையசைத்தான். அவர் சொன்னதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

பயிற்சியில் இன்னும் சில நாள்கள் எஞ்சியிருந்தன. தேர்வுதான் முடிந்துவிட்டதே என்று ஆந்தனி கடற்கரைக்கு அழைத்தான். ராஜவேல் போகவில்லை. மறுநாள் காலையில் எட்டாம் வகுப்பிற்குச் சென்று, அறுபதும் எழுபதும் கொண்ட அதே முக்கோணத்தை வரைந்தான். எவ்வளவு நேரமானாலும், எவ்வளவு திக்கினாலும், இந்த ஒரு கணக்கையாவது தானே விளக்கிவிட வேண்டும் என்று உறுதி கொண்டிருந்தான்.

“இ... இந்தக் கோணம் அ... அ...”

“அறுபது சார்!”

“மூ... மூ...”

“மூணாவது எவ்ளோன்னு கேக்கறீங்க சார்!”

“இ... இல்ல. முதல்ல இ... இந்த ரெண்டையும் கூ... கூ...”

“கூப்புட்டீங்களா சார்?”

“கூடாதா சார்?”

“டேய், கூர்மைன்றாரு சார்! சும்மா இருடா!”

கூட்ட வேண்டும் என்னும் சொல் அவன் நாவில் நின்றுகொண்டிருந்தது. அதை எப்படியாவது கண்டுபிடித்து அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வகுப்பே முயன்றது. அதில் ஏளனம் சிறிதும் இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அப்பொழுதுதான் ராஜவேல் அதைக் கவனித்தான். பிள்ளைகள் அனைவருடைய பார்வையும் அவன் வாயின்மீதே இருந்தது. பலகையிலிருந்த முக்கோணத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

வேம்பு அருகே வந்து மெல்லச் சொன்னாள். “நீங்க கஷ்டப்படாதீங்க சார். எழுதிப் போட்டுடுங்க. நாங்க பாத்து எழுதிக்கறோம்.”

அவன் எழுதினான். அறுபதையும் எழுபதையும் கூட்டி, நூற்றெண்பதிலிருந்து கழித்து, விடை ஐம்பது என்று அடிக்கோடிட்டான். பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டனர். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாருக்குத் துன்பம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். மணி அடித்தது.

பட்டறை வாசலில் மிதிவண்டியை நிறுத்தினான். கிருஷ்ணசாமி ஒரு சன்னல் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். மகன் நின்ற நிலையைக் கண்டதும், வழக்கம்போல் அவர் கை மெஷின் சுவிட்சுக்குச் சென்றது. வேண்டாமென்று ராஜவேல் தலையசைத்தான். அவர் கை அப்படியே நின்றது. மெஷின் ஓடாத பட்டறையில் தந்தையும் மகனும் பேசிக்கொண்ட நாளே இல்லை.

“இன்னாடா? பாஸ்தான் பண்ணிட்டியே. உங்கம்மா நேத்து தெருவுக்கே கேசரி குடுத்தா.”

“அ... அதுங்க என் வா... வாயையே பாக்குதுப்பா. க... கணக்கப் பாக்கல.”

“போகப் போகப் பழகிடும்டா.”

“அ... அதுங்களுக்குப் ப... பழகிடுச்சுப்பா. அ... அதான்.”

கிருஷ்ணசாமி கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் பேசி முடிக்கட்டும் என்று, இடையில் ஒரு சொல்லும் எடுத்துக் கொடாமல், காத்து நின்றார். ராஜவேலும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக, அது வரும்வரை பொறுத்திருந்து சொன்னான்.

“வா... வாத்தியார் வேலைக்கு நான் போகலப்பா. நா... நாளையிலேர்ந்து ப... பட்டறைக்கு வரேன்.”