பழைய அரிசியைப் போர்த்துகீசில் சொல்வது

1

இந்தக் கதை எனக்கு ஒரு போன் அழைப்பில் கிடைத்தது. மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்தும் நண்பர் இராஜாங்கம், "இங்கிலீஷ்லேருந்து போர்த்துகீசுக்கு மாத்திச் சொல்ல ஒரு ஆள் வேணுங்க. நீங்கதான் எழுதுறவராச்சே" என்றார். எழுதுகிறவனுக்கு எல்லா மொழிக்காரர்களையும் தெரிந்திருக்கும் என்பது அவர் எண்ணம். என் புத்தகம் ஒன்றைக்கூட அவர் வாங்கியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அரிசி வாங்குவதற்காக, போர்த்துகீசு பேசும் மொசாம்பிக் வியாபாரி ஒருவர் வீடியோவில் பேச வருகிறார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஆலையைக் குத்தகைக்கு விட வேண்டியதுதான்.

2

இந்தக் கதையின் முதல் வரைவில் மொழிபெயர்ப்பாளர் கோவாவில் இருந்தார். கடலோரம், மாலை வெளிச்சம், அவருடைய தனிமை...

(அடித்துவிட்டேன். எனக்குக் கோவா தெரியாது.)

இரண்டாவது வரைவில் ஜஸீலா வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். தந்தை மொசாம்பிக்கில் கடை வைத்திருந்ததால் பள்ளிப்படிப்பு அங்கே. இப்போது வீட்டிலிருந்தபடி கம்பெனிகளுக்கு மொழிபெயர்க்கிறார். கொஞ்சம் வசதியாக அமைந்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் கூத்தாநல்லூர்க்காரர்கள் போகாத தேசத்தைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம்.

ஆலைக்கு நான் அழைத்து வந்ததும் ஜஸீலா எங்கள் இருவரிடமும் ஒன்றுதான் சொன்னார்: "சொன்னதைச் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

3

ஜஸீலாவுக்குத் தமிழ் தெரிந்தும் இராஜாங்கம் ஆங்கிலத்திலேயே பேசினார். அதற்குத்தானே ஆள் பிடித்தது. விலை, மூட்டை, கப்பல் எல்லாம் ஒழுங்காகப் போயின. திரையில் வியாபாரி தலையாட்டிக்கொண்டிருந்தார். உற்சாகம் தலைக்கேறி, இந்த ஜில்லாவில் பிறந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறை இராஜாங்கம் செய்தார். தன் அரிசி ஒரு வருஷத்துப் பழையது என்று பெருமையடித்தார்.

(இங்கே கல்யாண வீட்டுக்காரர்கள் பழைய அரிசியைக் கூடுதல் விலை கொடுத்துத் தேடி வாங்குவார்கள். சோறு உதிரியாக வரும்.)

ஜஸீலா மைக்கை அணைத்தார்.

"சார், எங்க அத்தா கடையில பழசுன்னா பாதி விலைக்குக் கேப்பாங்க. அங்க புது அறுவடைக்குத்தான் மதிப்பு. சொல்லவா?"

இராஜாங்கத்தின் முகம் சுருங்கிவிட்டது. "குடோன்ல இருக்கிறது பூரா அதுதாம்மா. சொல்லுங்க... இல்ல, இருங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க."

"அது என் வேலை இல்லீங்க."

4

ஜஸீலா அப்படியே சொல்லலாம். வியாபாரி மரியாதையாக விடைபெறுவார், ஆலை போய்விடும். அந்த ஒரு வருஷத்தை விழுங்கிவிடலாம். கப்பல் போகும், அங்கே மூட்டையைப் பிரிப்பார்கள், அப்புறம்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசில்லை.) எங்கள் ஊரில் பழசுக்குத்தான் கிராக்கி என்று ஒரு விளக்கம் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். கூட்டமாட்டேன் என்றவரை இதற்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது?

5

ஜஸீலா மைக்கைப் போட்டுப் பேசினார். வியாபாரி ஏதோ கேட்டார், ஜஸீலா பதில் சொன்னார். வியாபாரி சிரித்தார். ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?" என்று இராஜாங்கம் என் காதில் கேட்டார்.

கதையை எழுதுகிறவன் நான்தான். அதற்காக எனக்குப் போர்த்துகீசு வந்துவிடாது.

குடோனில் மூட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜஸீலா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். அதுதான் பயமாக இருக்கிறது. நீங்கள் கேட்பதாக இருந்தால் இப்போதே கேளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் கேட்கப் போவதில்லை.